நிலவில் நிறை மாறுமா?

நிலவுக்குப் போனால் உன் நிறை மாறுமா என்று மதுரையில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். "மாறாது" என்று பதில் வரும்; மதிப்பெண் கிடைக்கும். இதையே யாழ்ப்பாணத்தில் அதே வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். "மாறும், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகும்" என்று பதில் வரும். அதற்கும் புள்ளி கிடைக்கும். இரண்டு பிள்ளைகளும் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்கள். இரண்டு ஆசிரியர்களும் சரியாகத் திருத்தியவர்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் ஈர்ப்பு விதி வேறாகிவிடுவதில்லை. நிறை என்ற சொல்தான் வேறாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுப் பாடநூலில், ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவுக்குப் பெயர் நிறை. அந்தப் பொருளைப் புவி இழுக்கும் விசைக்குப் பெயர் எடை. இலங்கைப் பாடநூலில் முதலாவதற்குத் திணிவு என்றும் இரண்டாவதற்கு நிறை என்றும் பெயர். எனவே ஒரே பிள்ளை இந்தக் கரையில் நிறை 40 கிலோகிராமும் எடை 392 நியூட்டனும் உடையவள். அந்தக் கரையில் திணிவு 40 கிலோகிராமும் நிறை 392 நியூட்டனும் உடையவள். நிலவில் 392 என்பது சுமார் 65 ஆகும். 40 அப்படியே இருக்கும். கணக்கில் சிக்கல் இல்லை. ஆனால் இங்கே மாறாத ஒன்றுக்கும் அங்கே மாறுகிற ஒன்றுக்கும் நிறை என்ற ஒரே பெயர் எப்படி வாய்த்தது?

நிறை என்ற பெயருக்கு அடி நிறு என்னும் வினை. இன்று பேச்சில் அது பாதி மறைந்துவிட்டாலும் காய்கறிக் கடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "ரெண்டு கிலோ நிறுத்துப் போடுங்க" என்கிறோம். வண்டியை "நிறுத்திவிட்டு வா" என்கிறோம். நிறுத்து, நிறுத்தி: ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. நிறு என்பதன் இறந்தகாலம் நிறுத்தான். நிறுத்து என்பதன் இறந்தகாலம் நிறுத்தினான். கடைக்காரர் வெங்காயத்தை நிறுத்தார், ஓட்டுநர் பேருந்தை நிறுத்தினார். இவ்வளவு நெருங்கிய இரண்டு வினைகளும் நில் என்ற ஒரே வேரை நோக்கித்தான் போகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. தராசின் வேலையைப் பார்த்தால் அந்த எண்ணம் வலுக்கிறது. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் சரக்கு. முள் இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் சாய்ந்து ஆடுகிறது. கடைக்காரர் ஒரு வெங்காயத்தைப் போடுகிறார், ஒன்றை எடுக்கிறார். ஆட்டம் ஓய்ந்து முள் நடுவில் நிற்கும்போதுதான் அளவு முடிகிறது. நிற்க வைப்பதே நிறுப்பது.

இந்தச் சொல்லின் வயது பெரிது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் தொகைமரபில், அளவுப்பெயர்களும் நிறைப்பெயர்களும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளில் தொடங்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதே இயலில் பனை என்பதை ஓர் அளவாகவும் கா என்பதை ஒரு நிறையாகவும் குறித்து, அவை புணரும் விதத்தையும் சொல்கிறது. புணர்ச்சி விதி சொல்ல வந்த இலக்கணமே சந்தைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறது. அங்கே அளவு வேறு, நிறை வேறு என்று அப்போதே பிரித்திருக்கிறார்கள். நெல்லை மரக்காலில் முகந்தால் அளவு. பொன்னைக் கோலில் தூக்கினால் நிறை. எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல் என்று பின்னால் நான்காக வகுக்கப்பட்ட அளவைகளில் நிறுத்தலுக்கும் முகத்தலுக்கும் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளை நிறை, பருமன் என்ற இரண்டு தலைப்புகளில் படிக்கிறாள்.

நிறுக்கும் கருவிக்கு நிறைகோல் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் நல்லாசிரியருக்கு நான்கு உவமைகளைச் சொல்கிறார்: நிலம், மலை, நிறைகோல், மலர். ஐயத்தைத் தீர்ப்பதும் எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதும் நிறைகோலின் குணம் என்பது அவர் கருத்து. தராசு என்ற பாரசீகச் சொல் வந்து குடியேறிய பிறகு நிறைகோல் வழக்கொழிந்தது. ஆனால் நிறை ஒழியவில்லை.

கோலில் வைக்கக் கல் வேண்டும். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது சோழர் காலப் பொன் வாய்பாடு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் கொடுத்த பொன்னையும் மணியையும் பட்டியலிடும் கல்வெட்டுகளில், எந்தக் கல்லால் நிறுத்தது என்பதும் சேர்த்து வெட்டப்பட்டிருக்கிறது. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர்; மணிகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். இறைவன் பெயரைத் தாங்கிய கல்லில் குறையிருக்காது என்ற நம்பிக்கை அதில் உண்டு. அதோடு ஓர் அறிவியல் நுட்பமும் உண்டு. இரண்டு தட்டுத் தராசு எதையும் தனியாக அளப்பதில்லை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுகிறது. எதனோடு ஒப்பிட்டோம் என்று சொல்லாவிட்டால் அளவுக்கு அர்த்தம் இல்லை. கல்வெட்டு அதைச் சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிட வேண்டும். குடம் நிறைவதும் மனம் நிறைவதும் வேறு ஒரு நிறை. அது வினை, நிறைந்தது, நிறைகிறது என்று காலம் காட்டும். எடையைக் குறிக்கும் நிறை, நிறு என்பதிலிருந்து வந்த பெயர். பொருள் நிறைந்திருப்பதால் நிறை என்று விளக்கும் ஆசிரியர்கள் உண்டு. நினைவில் வைக்க அது நல்ல வழிதான், ஆனால் சொல் பிறந்த வழி அதுவன்று. மூன்றாவது ஒரு நிறையும் இருக்கிறது. திருக்குறளின் 126ஆம் அதிகாரத்துக்கு நிறையழிதல் என்று பெயர். மனத்தை ஒரு நிலையில் நிறுத்திக்கொள்ளும் உறுதிக்கு அங்கே நிறை என்ற பெயர் வருகிறது. தராசுமுள்ளுக்கும் மனத்துக்கும் ஒரே சொல் பொருந்தியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது எடை. இதன் பிறப்பு வெளிப்படையானது. எடு என்ற வினையிலிருந்து எடை. கையால் எடுக்கும்போது கை உணர்வது எதுவோ அது எடை. தூக்கு என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். பழந்தமிழில் தூக்கு என்றால் நிறுப்பது. இன்றும் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கிறோம். மலையாளத்தில் எடைக்குத் தூக்கம் என்றும் கன்னடத்தில் தூக்க என்றும் சொல்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி ஏறி நிற்கும் இடத்துக்கு எடைமேடை என்று பலகை வைத்திருக்கிறோம். புதிதாக வந்தவர் எப்படிப்பட்டவர் என்று எடை போடுகிறோம்.

ஆக, நிறை தட்டுகளுக்கிடையே பிறந்த சொல். எடை கைக்குள் பிறந்த சொல். இரண்டும் பல நூற்றாண்டுகள் ஒரே பொருளில் புழங்கின. எந்த வணிகருக்கும் அதனால் நட்டம் வரவில்லை. நட்டம் வராததற்குக் காரணம் இயற்கையிலேயே இருந்தது. அதைச் சோதித்துக் காட்டியவர் நியூட்டன்.

அதற்கு முன்பே ஒரு கடிகாரம் சிக்கலைக் கிளப்பிவிட்டிருந்தது. 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் தீவுக்குப் போனார். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் கயேனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைச் சற்றே குறைத்த பிறகுதான் அது நேரம் காட்டியது. ஊசற்குண்டு அதே குண்டுதான். அதில் ஒரு துளியும் தேயவில்லை. ஆனால் அதைப் பூமி இழுக்கும் விசை அங்கே குறைவாக இருந்தது. குண்டில் இருக்கும் பொருளும் குண்டின் கனமும் ஒன்றல்ல என்று அந்த இரண்டரை நிமிடம் சொல்லிவிட்டது. அது கயேனில் மீன் விற்ற தராசுக்குத் தெரிந்திருக்காது. அங்கே மீனின் கனம் குறைந்த அதே விகிதத்தில் படிக்கல்லின் கனமும் குறைந்திருக்கும். முள் நடுவிலேயே நின்றிருக்கும்.

1687இல் வெளிவந்த பிரின்சிப்பியாவின் முதல் வரையறையே பொருளின் அளவைப் பற்றியது. அடர்த்தியும் பருமனும் சேர்ந்து தருவதே பொருளின் அளவு என்றார் நியூட்டன். அதை மாசா என்ற இலத்தீன் பெயராலும் அழைத்தார். மாசா என்றால் பிசைந்த மாவு உருண்டை. கிரேக்கத்தில் அது பார்லி மாவுப் பண்டத்தின் பெயர். உலகத்துப் பாடநூல்கள் பலவற்றில் அச்சாகும் அந்தப் பெரிய கருத்து, யாரோ ஒருவர் அடுக்களையில் மாவைப் பிசைந்து உருட்டிய சொல்லிலிருந்து வந்தது.

பிறகு நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒரே அளவான இரண்டு மரப்பெட்டிகளைப் 11 அடி நூல்களில் தொங்கவிட்டார். ஒன்றில் மரத்தை நிரப்பினார். மற்றதில் அதே கனமுள்ள பொன்னை வைத்தார். இரண்டையும் ஆட்டிவிட்டார். அவை சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்பின. வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, தண்ணீர், கோதுமை என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். எதை வைத்தாலும் பொருளின் அளவும் கனமும் ஒரே விகிதத்தில் இருந்தன. ஓர் ஊரில் நின்று நிறுத்தால், ஒன்றை அறிந்தவருக்கு மற்றது தானாகக் கிடைத்துவிடும். பொற்கொல்லரும் நெல் வணிகரும் ஒரே சொல்லில் காலம் தள்ளியதற்கு இயற்கை கொடுத்த அனுமதி அது.

இந்தப் பாடம் தமிழுக்கு வந்தபோது அனுமதி முடிந்தது. பழைய நிறைக்குள் இரண்டு கருத்துகள் ஒட்டியிருந்தன. அவற்றைப் பிரித்து இரண்டு பெயர் வைத்தாக வேண்டும். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கியதிலிருந்து கலைச்சொல் ஆக்குவது ஓர் இயக்கமானது. அப்போது இரு கரைக்கும் நடுவில் ஆள் போக்குவரத்து இருந்தது. காரைதீவில் பிறந்து, அறிவியல் படித்து, யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்த விபுலானந்த அடிகள்தான் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விடுதலைக்குப் பிறகு இரண்டு நாடுகளிலும் தாய்மொழியில் அறிவியல் கற்பிக்க வேண்டியிருந்தபோது வேலை இரண்டு மேசைகளுக்குப் போனது. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாட்டில் பாடநூல் குழுக்கள் தம் வழியில் போயின. இங்கே இயற்பியல் என்றானது அங்கே பௌதிகவியல் என்று நின்றது. இங்கே பருப்பொருள், அங்கே சடப்பொருள். அடர்த்தி மட்டும் இரண்டு கரைக்கும் பொதுவாகத் தங்கியது.

இலங்கையார் எடுத்த முடிவில் ஒரு நேர்மை இருக்கிறது. நிறை என்றால் கனம் என்று தமிழர் ஈராயிரம் ஆண்டு பழகிவிட்டார்கள். அந்தப் பொருளைக் கலைக்காமல் விட்டுவிட்டு, புதிய கருத்துக்குப் புதிய சொல்லைக் கொடுத்தார்கள். திணிவு என்ற அந்தச் சொல்லும் வெறுங்கையோடு வரவில்லை. புறநானூற்றின் 2ஆம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் ஐம்பூதங்களை அடுக்கும்போது, நிலத்துக்கு அடைமொழியாக வருவது திணிதல் என்ற வினைதான். மண் நெருங்கிச் செறிந்து கிடப்பதே நிலம் என்று பார்த்த கண் அது. திண்மை, திண்ணை, திண்டு, திண்மம் எல்லாம் அதன் சுற்றம். அடர்த்தியையும் பருமனையும் சேர்த்துப் பார்த்த நியூட்டனின் வரையறையை அப்படியே தமிழாக்கினால் திணிவு என்றுதான் வரும். எவ்வளவு இடத்தில் எவ்வளவு திணித்திருக்கிறது என்பதுதானே அது.

அங்கேதான் அதன் பலவீனமும் இருக்கிறது. 1883இல் ஏர்ன்ஸ்ட் மாக் நியூட்டனின் வரையறையில் ஒரு குறையைச் சுட்டினார். அடர்த்தியைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்கிறீர்கள். பொருளின் அளவு தெரியாமல் அடர்த்தியை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். வட்டம் சுற்றி வந்துவிடுகிறது. திணிவு என்ற சொல் அந்த வட்டத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. பஞ்சு மூட்டையையும் இரும்புக் குண்டையும் காட்டி எதில் திணிவு அதிகம் என்று புதிதாகப் படிக்க வரும் பிள்ளையிடம் கேட்டால், அவன் இரும்பைத்தான் காட்டுவான். பஞ்சு 50 கிலோவாகவும் இரும்பு 5 கிலோவாகவும் இருந்தாலும் அப்படித்தான். சொல்லைக் கேட்டால் அடர்த்தியின் உடன்பிறப்பு போல ஒலிக்கிறது. தமிழ்நாட்டுக் காதுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1937இல் தொடங்கிய மொழிப் போராட்டத்துக்குப் பிறகு இங்கே திணிப்பு என்ற சொல் பாடநூலுக்கு வெளியே வேறு வேலைக்குப் போய்விட்டது.

தமிழ்நாட்டில் முன்பு பொருண்மை என்ற சொல்லும் புழங்கியது. பொருளாயிருக்கும் தன்மை என்பது நல்ல கருத்து. ஆனால் பொருள் என்ற சொல்லுக்குள் பணம் இருக்கிறது, சொற்பொருள் இருக்கிறது, அறம் பொருள் இன்பத்தின் பொருள் இருக்கிறது. ஒரு கிலோகிராமை அதற்குள் நிறுத்தி வைப்பது கடினம். அண்டை மொழிகள் வடமொழியில் அடைக்கலம் புகுந்தன: தெலுங்கிலும் கன்னடத்திலும் திரவியராசி, இந்தியில் திரவியமான். தமிழ்நாட்டுப் பாடநூல் கடைசியில் நிறையிடமே வந்து சேர்ந்தது. பழைய சொல்லுக்குள் ஒட்டியிருந்த இரண்டு கருத்துகளில் ஈழம் கனத்தை வைத்துக்கொண்டது. தமிழகம் பொருளின் அளவை வைத்துக்கொண்டது. கனத்துக்கு எடை என்ற சொல் ஏற்கெனவே கைவசம் இருந்ததால் தமிழகத்தால் அப்படிச் செய்ய முடிந்தது.

நீண்ட வழக்கைப் பார்த்தால் ஈழத்தார் பக்கம் நியாயம். வேரைப் பார்த்தால் என் மனம் இந்தக் கரைப் பக்கம் சாய்கிறது. எடை என்பது எடுப்பவனின் கையை இழுக்கும் விசை. எனவே அது நியூட்டனில் அளக்கப்படுவது பொருத்தம். நிறை என்பது தட்டில் கல்லோடு ஒப்பிட்டு நிறுத்தியது. எனவே அது கிலோகிராமில் சொல்லப்படுவது பொருத்தம். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, இரண்டு கருவிகளின் வேறுபாடு இரண்டு சொற்களின் பிறப்பிலேயே பதிந்திருக்கிறது.

இந்த வழக்கில் தமிழர் மட்டும் திணறவில்லை. கிலோகிராம் என்பது எதன் அலகு என்று அறிவியல் உலகமே தடுமாறியிருக்கிறது. பாரிசுக்கு அருகே செவ்ரில் காப்பாற்றப்பட்ட பிளாட்டினம் இரிடியம் உருளை 1889இல் கிலோகிராமின் மூலப்படியாக ஏற்கப்பட்டது. 1901இல் எடைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு கூடி, கிலோகிராம் பொருளளவின் அலகு, கனம் என்பது விசையின் இனத்தைச் சேர்ந்தது என்று தனியாகத் தீர்மானம் போட்டுக் குழப்பத்தை முடித்தது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கும் ஓய்வு. பிளாங்க் மாறிலியின் எண் மதிப்பைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. ஆடவல்லான் கல்லிலிருந்து ஒரு மாறிலி வரை வந்தாயிற்று.

தீர்மானம் கடைத்தெருவுக்கு எட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டுத் தேயிலைப் பொட்டலத்தில் நிகர எடை 500 கிராம் என்று அச்சிட்டிருக்கும். வகுப்பில் அப்படி எழுதினால் ஆசிரியர் கோடு போடுவார். கிராம் என்றால் நிறை என்று எழுத வேண்டும். இலங்கைப் பொட்டலத்தில் தேறிய நிறை என்று இருக்கும். அங்கேயும் ஆசிரியர் கோடு போடுவார். கிராம் என்றால் திணிவு. இரண்டு கரைக் கடைகளும் பாடநூலைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஓர் ஊருக்குள் நிற்கும்வரை இரண்டும் ஒன்றுதான் என்ற பழைய அனுமதியில்தான் கடை இன்னும் ஓடுகிறது.

ஊரை விட்டுக் கிளம்பியவர்களுக்குத்தான் சிக்கல். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து தமிழகப் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகள், அங்கே சரியாகப் படித்த ஒரு சொல்லை இங்கே மாற்றிப் படிக்க வேண்டியிருந்தது. விடையில் நிறை மாறும் என்று ஒரு பிள்ளை எழுதினால், அது தெரியாமல் எழுதியதா, தெரிந்தே வேறு தமிழில் எழுதியதா என்று பார்க்க ஆசிரியருக்கு அந்தச் சொல்லின் கதை தெரிந்திருக்க வேண்டும். ஐயம் தீர்த்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் நிறைகோலைப் பவணந்தியார் ஆசிரியருக்கு உவமையாக வைத்தது இதற்கும் பொருந்துகிறது.

நிலவில் நிறை மாறுமா என்று என்னைக் கேட்டால், எந்தத் தராசில் நிறுப்பது என்று திருப்பிக் கேட்பேன். சுருள்வில் தராசில் மாட்டினால் மாறும். இரண்டு தட்டுத் தராசில் வைத்தால், நிலவிலும் முள் நடுவில்தான் நிற்கும்.